கமலக்கண்ணன் செய்த சேவை

ஓசூர் மூக்கண்டப்பள்ளி கமலக்கண்ணன் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சேதி வந்தது. சேதியைக் கொண்டுவந்தவள் மனைவி பூங்கொடி.

"ஏங்க, நாம படிச்ச பல்கலைக்கழகத்துலருந்து போன் வந்திச்சு. பழைய மாணவர் விருதுக்கு ஆளைத் தேர்வு பண்ணிட்டாங்களாம். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே வராங்களாம்."

பிரஷ் வாளிக்குள் விழுந்தது.

"அது யாருக்குன்னா..." என்று ஆரம்பித்தாள் பூங்கொடி.

"யாருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் கமலக்கண்ணன், நுரை பறக்க.

பூங்கொடி ஒரு கணம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தொழிலில் சாதித்து, சமூகத்துக்கும் உழைத்த பழைய மாணவர்களுக்கு விருது என்று பேப்பரில் வந்த அன்றே, கமலக்கண்ணன் தன் பெயரைத் தானே முன்மொழிந்து, தன்னடக்கத்தோடு ஆறு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். சிப்காட்டில் ஒரு பம்பு கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். அவர் அதட்டினால் மிஷினே பயந்து ஓடும் என்பது அவருடைய நம்பிக்கை. மிஷின் அப்படி எதுவும் சொன்னதில்லை.

பூங்கொடியும் அதே பல்கலைக்கழகத்தில், அதே வருஷம் பட்டம் வாங்கியவள்தான். ஷிப்டுக்குப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு காப்பகம் நடத்தினாள். வீட்டு முன்ரூமில் ஆரம்பித்தது, இப்போது பாகலூர் ரோடு வரை கிளை விட்டிருந்தது. கமலக்கண்ணன் அகராதியில் அதற்கு ஒரே பெயர்: சத்தம்.

அன்று சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. சாதனை சரி, சேவைக்கு எங்கே போவது?

"பூங்கொடி, எனக்கு அவசரமா சேவை வேணும்."

"இப்ப போயி கேட்டா எப்படிங்க? அரிசி ஊறணுமே. எலுமிச்சம்பழ சேவையா, தேங்காய் சேவையா?"

"சமூக சேவை!"

"ஓ, அதுவா. ஆறு பக்கம் எழுதுனீங்களே, அதுல என்னா போட்டீங்க?"

"இடைவிடாத மக்கள் பணின்னு போட்டேன்."

"எந்த மக்களுக்கு?"

"அதைத்தான் இனிமே கண்டுபிடிக்கணும்."

பூங்கொடி யோசித்தாள். "லீவு போடுங்க. சேவைக்கு நான் ஏற்பாடு பண்றன்" என்றாள்.

மறுநாள் காலை காப்பகத்துக்கு முன்னால் அடைத்துக் கிடந்த சாக்கடையில் கமலக்கண்ணன் முழங்கால் ஆழத்தில் நின்றார். பக்கத்து வீட்டு பாப்பம்மா எட்டிப் பார்த்து, கன்னடம் கலந்து பரிதாபப்பட்டாள்.

"அய்யோ பாப! என்னா சார், கம்பெனில வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"இது சேவைம்மா."

"அப்ப எங்க வூட்டு முன்னாடியும் கொஞ்சம் சேவிச்சிடுங்க சார். மூணு மாசமா நாறிக்கினு கெடக்குது."

சேவித்தார். அதற்கடுத்த நாள் காப்பகத்துச் சுவருக்கு வெள்ளையடித்தார். பாதி சுவரில் ஏறியது, மீதி அவர் தலையில் இறங்கியது. அப்புறம் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டும் பொறுப்பு வந்தது. கன்னடத்தில் ஒன்று அழுதது, தெலுங்கில் ஒன்று அழுதது, தமிழில் இரண்டு கடித்தன. தூங்கவைக்க அவர் ஒரு பாட்டுப் பாடினார். அதுவரை சும்மா இருந்தவையும் மொழி வித்தியாசம் இல்லாமல் அழ ஆரம்பித்தன.

"பூங்கொடி, எனக்கு ஒரு சந்தேகம். இதெல்லாம் உன் காப்பக வேலை மாதிரியே இல்ல இருக்குது?"

"சமூகம் எங்க இருக்குதோ அங்கதானேங்க சேவை செய்ய முடியும்? நம்ம சமூகம் இப்போதைக்கு முன்ரூம்ல கெடந்து அழுவுது. போயி தொட்டிலை ஆட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கமலக்கண்ணன் வெள்ளைச் சட்டையில் சோபாவின் நட்ட நடுவில் அமர்ந்திருந்தார். பழைய மாணவர் சங்கச் செயலாளர் பாஸ்கரன், கேமராவோடு ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"வாசல் பளிச்சுன்னு இருக்குதே சார். இந்தச் சேவையில உங்க பங்கு என்ன?"

"பங்கா? மொத்தமும் நான்தான் சார்! சாக்கடை நான், சுண்ணாம்பு நான், சோறு நான்! பாருங்க, கையில பல் தடம்கூட இருக்குது."

பாஸ்கரன் உருகிப்போனார். கமலக்கண்ணன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

"எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கோம் சார். இப்படி ஒரு புருஷனை நாங்க எங்கயும் பார்க்கல."

கமலக்கண்ணனுக்கு ஏதோ நெருடியது. "புருஷனா?"

"பின்ன? விருது வாங்கற அம்மாவுக்காக லீவு போட்டு நிக்கறீங்களே! மேடம் எங்க சார்? போட்டோ எடுக்கணும்."

கமலக்கண்ணன் எழுந்தார். உட்கார்ந்தார். "அப்ப... நான் எழுதி அனுப்புனது?"

"அந்த ஆறு பக்கம் நீங்கதானா?" பாஸ்கரன் குரலைத் தாழ்த்தினார். "கமிட்டியில ஆளுக்கு ஒரு பக்கம் பிரிச்சுக் குடுத்திருக்கோம் சார். இன்னும் யாரும் முடிக்கல."

அதற்குள் பட்டுப்புடவையில் பூங்கொடி வந்தாள். கேமராக்காரர், "சார், கொஞ்சம் தள்ளிக்கங்க, நிழல் விழுது" என்றார்.

அவர்கள் போனதும் கமலக்கண்ணன் வெடித்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லத்தானே வந்தன்? யாருக்குன்னு எனக்குத் தெரியாதான்னு கேட்டீங்க. சரி, தெரிஞ்சிருக்குது போலன்னு விட்டுட்டன்."

விழாவுக்குக் கமலக்கண்ணனும் போனார். முறைப்பாகத்தான் போனார். ஆனால் ஓசூரிலிருந்து வேன் பிடித்து வந்திருந்த தாய்மார்கள், பூங்கொடி மேடையேறியதும் மண்டபம் அதிர ஆர்ப்பரித்தபோது, அவருக்கே தெரியாமல் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. முன்வரிசையில் பக்கத்திலிருந்தவரிடம், "நம்ம சம்சாரம்" என்றார். அந்த ஆள் எதுவும் விசாரிக்கவே இல்லை.

பூங்கொடி மைக்கைப் பிடித்தாள். "நான் இவ்வளவு செய்ய முடிஞ்சதுன்னா, அதுக்கு ஒரே காரணம் எங்க வீட்டுக்காரருங்க."

கமலக்கண்ணன் கண் கலங்கிவிட்டது. எழுந்து நின்று நாலா பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். கூட்டம் கைதட்டியது. அவரும் தட்டினார். தட்டி ஓயும்வரை பூங்கொடி பொறுமையாகக் காத்திருந்து, வாக்கியத்தை முடித்தாள்:

"பகல் முச்சூடும் அவர் வீட்டுலயே இருக்க மாட்டாருங்க."