எர்ணாவூர் இட்லியின் மீதான விசாரணை

ஏழைக்கு அரிசி கொடுத்த அரசுகள் உலகில் ஏராளம். கொடுத்த அரிசி, கொடுத்த பிறகும் ஒழுக்கமாக நடந்துகொள்கிறதா என்று கண்விழித்துக் காத்த அரசு ஒன்றே ஒன்றுதான், அது நம்முடையது. அந்த மாண்பினை, இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு எர்ணாவூரில் நடந்த விசாரணைக்கு மனு எழுதித் தரப் போனவன் என்ற முறையில் நெஞ்சு நிமிர்த்தி எழுதுகிறேன்.

குடும்ப அட்டையின் கொடைகள் பல. அரிசி தரும், சர்க்கரை தரும், வந்த நாளில் மண்ணெண்ணெயும் தரும். பருப்பு தராது, புளி தராது, மிளகாய் தராது. ஆகவே அட்டைதாரர் வெறும் சோற்றைச் சர்க்கரையில் பிசைந்து மண்ணெண்ணெய் விளக்கொளியில் உண்ண வேண்டும் என்பதே அரசின் 'சமையற்குறிப்பு'.

எர்ணாவூர்க் குடியிருப்பில் வாழும் கெங்கம்மா இக்குறிப்பை மீறினார். அவர் கணவர் வரதன், நிலக்கரி இறக்கி இறக்கி நெஞ்சில் கரி ஏற்றிக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டவர். மூச்சு இழுக்காமல் இருக்க அவருக்கு மாத்திரை வேண்டும். மாத்திரை அட்டையில் இல்லை. எனவே அம்மையார் மாத அரிசியில் பாதியை ஊறவைத்து, அரைத்து, இட்லியாக்கி, காலை ஷிப்ட் மாறும் வேளையில் தொழிற்சாலை வாசலில் விற்றுவந்தார். உண்ணத் தந்ததை விற்பதா? 'அரிசி நோக்கப் பாதுகாப்புக் குழு' ஜீப்பில் பாய்ந்தது. அட்டை, குண்டான், முப்பத்திரண்டு இட்லிகள் ஆகியவை கைப்பற்றப்பட்டன. சட்னி விடுவிக்கப்பட்டது, தேங்காய் தனியார் துறை.

அன்றே பதினொரு மணிக்கு விசாரணை. நீதி இத்தனை விரைவாகப் புறப்பட்டதற்குக் காரணம், இட்லி மாலைவரை தாங்காது என்பதே. தலைவர் லோகநாதன் நடுவில் அமர்ந்தார்; இருபுறமும் இரண்டு உறுப்பினர்கள்; மேசைமேல் மூடிய குண்டான். மூவரும் காலைச் சிற்றுண்டியைத் துறந்து கடமைக்குக் கிளம்பிய தியாகிகள் என்பது, அவர்கள் பார்வை அடிக்கடி அந்த மூடியின்மேல் சென்று திரும்பியதில் தெரிந்தது.

முதல் வினா: அரிசி எந்தக் கட்டத்தில் அரசை விட்டு நீங்குகிறது? ஊறும்போதா, அரைபடும்போதா? புளிக்கும்வரை அது அரசுடையதே என்றார் ஓர் உறுப்பினர். மற்றவர் உளுந்தைக் கிளப்பினார். உளுந்து கடையில் வாங்கியது. ஆகவே ஒவ்வோர் இட்லியிலும் ஒரு பகுதி குழுவின் அதிகார எல்லைக்கு அப்பால் நிற்கிறது. அது எந்தப் பகுதி என்று பிரித்தறிய இயலாமையால், முழு இட்லியும் காவலில் நீடிக்க ஆணையிடப்பட்டது.

அடுத்து, லாரியில் மூட்டை ஏற்றும் மஜீது சாட்சியாக அழைக்கப்பட்டார். நாள்தோறும் நாலு இட்லி தின்றதை அவர் ஒப்புக்கொண்டார்.

"கவர்மென்ட் அரிசின்னு தெரிஞ்சேதான் தின்னியா?" என்றார் தலைவர்.

"என் கார்டுக்கும் அதே அரிசிதான் சார் போடறாங்கோ. எங்க வூட்ல ஆக்குனா கலீஜா கீது, நாய் மோந்து பாத்துட்டுப் பூடுது. கெங்கம்மாக்கா கை பட்டா பூ மாதிரி வருது. அதுக்கு இன்னா கேஸு?"

இந்த ஒரு வாக்கியத்தில் வழக்கின் போக்கே மாறிற்று. பூப்போன்ற இட்லி அரசு அரிசியில் பிறக்குமா? அந்த அரிசியின் நிறத்தையும் நெடியையும் கல்லையும் தலைவர் நன்கறிவார். ஆய்வகத்துக்கு அனுப்பினால் நாளாகும். எனவே குழு தன் நாக்குகளையே நாட்டுக்கு ஆய்வகமாக அர்ப்பணித்தது. முதல் மாதிரியில் முடிவு தெளிவாகவில்லை. இரண்டாவதில் கருத்து வேறுபாடு எழுந்தது. விடுதலையான சட்னி மீண்டும் வரவழைக்கப்பட்டது. மறு ஆய்வு, மேல் ஆய்வு, இறுதி ஆய்வு என்று அறிவியல் முன்னேற, குண்டானின் அடி தெரிந்தது.

"கல்லு இல்ல, நெடி இல்ல. இது நம்ம அரிசியே இல்ல" என்று ஏப்பத்தோடு அறிவித்தார் லோகநாதன்.

கெங்கம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்ப நான் தப்பு பண்லதான சார்? கார்ட குட்த்துருங்க. அவருக்கு மாத்திர வாங்கணும்."

"அவசரப்படாதம்மா. ரேஷன் அரிசின்னா வித்தது குத்தம், கார்டு ரத்து. ரேஷன் அரிசி இல்லேன்னா நீ வெளிக்கடையில நயம் அரிசி வாங்குற வசதிக்காரி. வசதிக்காரிக்கு எதுக்கு அரிசிக் கார்டு? அதுவும் ரத்து."

"அதே அரிசிதான் சார். கல்லு பொறுக்கி, ஏழு தண்ணி வுட்டுக் கழுவுனேன்."

"லாரித் தண்ணியே வரலேன்னு உங்க தெருவே மனு குடுத்திருக்கு. ஏழு தண்ணி ஏது உனக்கு?"

"குடிக்க வெச்சிருந்த தண்ணிய வுட்டுக் கழுவுனேன் சார்."

அதற்குச் சாட்சி இல்லை என்று பதிவாயிற்று. அட்டையில் அரிசி என்ற சொல்லின்மேல் சிவப்பு மை பாய்ந்தது. அம்மையார் அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு குண்டானுக்குள் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"செரி சார். இது ரேஷன் அரிசின்னா, ஏழைங்க அரிசிய நீங்க மூணு பேரும் துன்னுட்டீங்கோ. இல்லேன்னா, என் சரக்கத் துன்னுட்டுக் காசு குடுக்காம குந்திகினு கீறீங்கோ. ரெண்டுல எதுன்னு அந்தப் பேப்பர்லயே எழுதிக் குடுங்க. நான் போறேன்."

குழு தனியே கூடி ஆலோசித்தது. பின் அறிக்கையின் இறுதிப் பத்தி எழுதப்பட்டது: "சான்றுப் பொருள் ஏதும் தற்போது கைவசம் இல்லாமையால், மேற்படி வினா ஏற்கத்தக்கதன்று."

அம்மையார் வெறும் குண்டானை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தார். வரதனின் மூச்சைப் பற்றிக் கோப்பில் ஒரு வரியும் இல்லை. அது அட்டையில் சேராத பொருள். ஆனால் கடமையின் பொருட்டு அன்று வெளியே உண்ண நேர்ந்த சிரமத்துக்காக, குழுவினர் மூவருக்கும் உணவுப்படி வழங்கப்பட்டது. கையொப்பமும் முத்திரையும் பெற்ற திருட்டை நான் நேரில் பார்த்தது அன்றுதான்.