இடைவேளைக்குப் பின் தலைப்பு

மக்கள் அரும்பாடுபட்டுச் சேர்த்த ஓய்வுநேரத்தைக் கண்ட படத்திலும் தொலைத்துவிடக் கூடாது என்ற உயரிய நோக்கத்தோடு, அரசாங்கம் திரைப்படப் பரிந்துரைத் துறை என்று ஒன்றை நிறுவியிருந்தது. அதில் பரிந்துரை எழுதும் எழுத்தர் நம்மவர். இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருந்தார். வேலை நிரந்தரமாவது ஆணையரின் ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

துறைக்கென்று ஒரு நடைமுறை உண்டு. முன்வரிசையில் ஆணையர் தனியாக உட்காருவார். மற்றவர்கள் பின்வரிசையில். ஆணையர் படத்தைப் பார்ப்பார். துறை ஆணையரின் பின்மண்டையைப் பார்க்கும். மண்டை ஆடினால் படம் நல்ல படம். நம்மவருக்கு அந்த மண்டையின் சொட்டை வளர்ந்த வரலாறே மனப்பாடம். அந்த வருஷத்துப் படங்களில் ஒன்றின் கதைகூடத் தெரியாது.

இப்படியிருக்கையில், கோடி கோடியாகக் கொட்டி எடுத்த விண்வெளிப் படம் ஒன்று பரிந்துரைக்கு வந்தது. ஆணையர் வரத் தாமதமானது. வந்து உட்கார்ந்ததும் படம் ஓடியது. எடுத்த எடுப்பில் நரைத்த தலையோடு ஒருவன் வேறொரு கிரகத்தில் தன் நண்பனைப் புதைத்துக்கொண்டிருந்தான். பிறகு பூமிக்குத் திரும்பினான். கட்டித் தழுவினார்கள். சமையல்காரர் வரைக்கும் எல்லாருடைய பெயர்களும் மேலே ஏறிப்போயின. விளக்கு எரிந்தது. இடைவேளை.

நம்மவர் மாடியேறி ஆப்பரேட்டரைப் பிடித்தார்.

"என்னப்பா, பின்பாதியை முன்னாடி போட்டுட்டியா?"

"சத்தம் சரியா வருதான்னு போட்டுப் பார்த்தேன் சார். அதுக்குள்ள ஐயா வந்து உக்காந்துட்டார். நிறுத்தினா ஏன் நிறுத்தினேன்னு கேப்பாரே."

"இப்ப என்ன பண்ணப் போறே?"

"முன்பாதியைப் போடறேன். ரெண்டு பாதியும் கணக்குக்கு வந்துடும்ல?"

அதில் குறை சொல்ல நம்மவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இடைவேளைக்குப் பிறகு தலைப்பு வந்தது. நரைத்தவனுக்கு முடி கறுத்திருந்தது. புதைக்கப்பட்ட நண்பன் எழுந்து வந்து பல் தேய்த்தான். கடைசியில் இருவரும் விண்கலத்தில் ஏறி இருட்டுக்குள் போய் மறைந்தார்கள். ஆணையரின் மண்டை மெல்ல ஆடியது. துறை மொத்தமும் ஆடியது.

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் நம்மவர் எழுந்து போனார். வாயைத் திறந்ததுமே ஆணையர் திரும்பினார்.

"கவனிச்சீங்களா? செத்தவன் திரும்பி வர்றான். முடிவுதான் ஆரம்பம்னு சொல்றான். ஆழமான படம். நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

"அதையேதான் ஐயா சொல்ல வந்தேன்," என்றார் நம்மவர். திறந்த வாயை வீணாக்கக் கூடாதே.

அன்றே எழுதினார்: "இடைவேளைக்குப் பின் தலைப்பு தோன்றும் இப்புரட்சிகர விண்வெளிச் சாகசத்தைப் பொதுமக்கள் குடும்பத்துடன் கண்டுகளிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது."

படம் ஊருக்குள் வந்தது. புகார்களும் வந்தன. தலைப்பு முதலிலேயே வந்துவிடுகிறது. செத்தவன் செத்தவனாகவே கிடக்கிறான். இது அரசாங்கம் பரிந்துரைத்த படமே அல்ல என்று ஜனங்கள் கொதித்தார்கள். படம் எடுத்தவர் ஓடி வந்தார்.

"ஐயா, நான் எடுத்ததே இப்படித்தான்."

"எடுத்தது நீங்க. பரிந்துரைச்சது நாங்க," என்றார் ஆணையர். "ஜனங்க எதை நம்பி வர்றாங்க?"

பரிந்துரைத்தவாறே திரையிடப்பட வேண்டும் என்று ஆணை பறந்தது. அரங்குகள் நிரம்பி வழிந்தன. முதலிலிருந்தே அதுதான் தன் கனவு என்று எடுத்தவரும் பேட்டி கொடுத்தார். ஆப்பரேட்டர் துறையின் கலை ஆலோசகரானார்.

நிரந்தரம் ஆகும் வாரத்தில், நம்மவர் தன் அக்காவை அந்தப் படத்துக்குக் கூட்டிப்போனார். நாலு வரிசை முன்னால் ஆணையரும் குடும்பத்தோடு வந்திருந்தார். பழக்கதோஷம், நம்மவர் கண் அந்த மண்டையிலேயே நின்றது. பெயர்கள் மேலேறிப்போனபோது அரங்கமே எழுந்து கைதட்டியது. இடைவேளை முடிந்து தலைப்பு வந்தது.

அக்காவுக்கு எதையும் மெதுவாகச் சொல்லிப் பழக்கமில்லை.

"டேய் தம்பி, படமே இப்பத்தானேடா ஆரம்பிக்குது? மாத்திப் போட்டுட்டானா?"

அரங்கம் மொத்தமும் திரும்பி முறைத்தது. ஆணையரின் மண்டையும் திரும்பத் தொடங்கியது. அந்த மண்டைக்கு முன்பக்கம் ஒரு முகமும் உண்டு என்பது நம்மவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தன்னைச் சோறூட்டி வளர்த்த அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளைவிட்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, அரங்கத்தில் இருந்த எல்லாரையும்விடக் கடுமையாக அவளை முறைத்தார்.

"படிச்சவங்க பார்க்கிற படம்மா," என்றார், யாரோ ஓர் அம்மாளிடம் சொல்வதுபோல.

அக்கா, படம் விட்டதும் வீடு வரை மூன்று அடி பின்னால் நடந்து வந்தாள். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்தே நம்மவர் தூங்கிப்போனார்.

காலையில் பக்கத்து வீட்டு அம்மாளின் குரல் ஜன்னல் வழியாகக் கேட்டது.

"படம் எப்படிக்கா இருந்தது?"

நம்மவர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"ஆழமான படம்," என்றாள் அக்கா. "சில பேருக்குப் புரியாது. நீ கட்டாயம் பார்க்கணும்."

நம்மவர் மெல்ல ஜன்னலைச் சாத்தினார். ஒரு தகுதிகாண் பருவம் முழுக்க இருந்து அவர் கற்றுக்கொண்ட வேலையை, அக்கா ஒரே காட்சியில் கற்றுக்கொண்டிருந்தாள்.