நத்தை சாரும் செயற்கை அறிவும்

தில்லியில் ஆராய்ச்சிக் கொள்கை மாறினால், மறுநாள் காலையிலேயே அதற்கேற்ற தலைப்போடு தயாராக நிற்கிற ஒரே மனிதர் இந்தியாவில் நத்தை சார்தான். நத்தையைப் படிக்கிறவருக்கு இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது என்று எங்கள் பல்கலைக்கழகத்தில் யாருக்கும் புரிந்ததில்லை. சேலையூர்ப் பக்கம் இருக்கிற அந்த வளாகத்தில் அவர் விலங்கியல், நான் தமிழ். இரண்டு துறைக்கும் ஒரே மாடிப்படி.

பீர்க்கன்கரணை ஏரி நத்தைகள்தான் அவருக்கு உலகம். மூடி சரியாக மூடாத டிபன் பாக்ஸில் அவற்றைப் போட்டுக்கொண்டு பெருங்களத்தூரில் பஸ் ஏறுவார். ஒருநாள் ஒரு நத்தை தப்பித்துக் கம்பியில் ஏற ஆரம்பித்துவிட்டது. கண்டக்டர் அதையும் பார்த்தார், இவரையும் பார்த்தார்.

"இன்னா சார் இது, டிக்கெட் எடுக்காம ஏறிகினு கீது?"

"கொஞ்சம் பொறுங்க, தானா இறங்கிடும்."

"எப்போ, வண்டி டிப்போவுக்குப் போனப்புறமா?"

அரசாங்கம் நானோ என்றபோது, நத்தை ஓட்டின் நுண்ணிய அடுக்குகள் என்று எழுதினார். பருவநிலை என்றபோது நத்தையும் வெயிலும். பொது சுகாதாரம் என்றபோது நத்தை பரப்பும் ஒட்டுண்ணிகள். கேன்டீனில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் கிடையாது. ஆனால் தலைப்பை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய வேலையையே பார்க்கிற சாமர்த்தியம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. நானோ என்று எழுதிய பாவத்துக்கு இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்குப் போய், முதலாமாண்டுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று மைக்ராஸ்கோப் கற்றுக்கொண்டார்.

"பேர் வெச்சுட்டோம் சார். அதுக்கு உண்மையா இருக்கணுமில்ல?" என்பார்.

அப்புறம் வந்தது செயற்கை நுண்ணறிவு. சாரின் பழைய திட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஜெனிஃபருக்கு உதவித்தொகை வந்துகொண்டிருந்ததே அந்தத் திட்டத்தில்தான். சாரிடம் ஏரி நத்தைகளை வைத்து முனைவர் பட்டத்துக்கு மூன்றாம் வருஷமாக உழைத்துக்கொண்டிருந்த பெண். டீன், நத்தை சாரைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணை கம்ப்யூட்டர் பக்கம் வேற தலைப்புக்கு மாத்திடுங்க, ஃபண்டிங் அங்கதான் இருக்கு" என்றார். மாறினால் ஜெனிஃபர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு வீட்டில் பொறுக்கமாட்டார்கள். ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலைகூடப் பேசி வைத்திருந்தார்கள்.

"நான் மாறிக்கறேன் சார். படிச்சிட்டிருக்கிற பொண்ணு எதுக்கு மாறணும்?" என்று டீனிடம் சொல்லிவிட்டு, நத்தை சார் நேரே என் அறைக்கு வந்தார்.

"சார், நம்ம தமிழ்ல நத்தைக்கு எத்தனை அறிவு?"

"ரெண்டு. தொடுறதும் ருசியும். ஈரறிவு உயிர்னு பேரு."

"போதும். பணம் குடுக்கற கமிட்டி கேக்குறது ஒரே ஒரு அறிவு, அதுவும் செயற்கை."

'ஈரறிவும் செயற்கை அறிவும்' என்ற தலைப்பு அப்படித்தான் பிறந்தது. அதை ஆங்கிலத்தில் என்னவென்று எழுதி அனுப்பினாரோ, எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து கம்ப்யூட்டர் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த பையன், "அங்கிள், நீங்க எந்த பேட்ச் அரியர்?" என்று விசாரித்தானாம். "எல்லா பேட்சும்தான் தம்பி" என்றாராம் இவர்.

ஜெனிஃபர் எடுத்த படங்களைக் காட்டி, நத்தையை அடையாளம் சொல்ல இருவரும் ஒரு கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள். அது சில நத்தைகளை மெதுவடை என்றது. அறிவிப்புப் பலகையில் இருந்த டீனின் படத்தை நத்தை என்றது. அதற்கப்புறம் ஆசிரியர்கள் மத்தியில் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தனி மரியாதை வந்துவிட்டது.

கமிட்டி நேர்காணல் ஆன்லைனில். தைரியத்துக்கு என்று என்னையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். டீனும் ஜெனிஃபரும் பின்னால் இருந்தார்கள். உங்கள் கருவி எவ்வளவு சரியாகச் சொல்லும் என்று கேட்டார்கள். "நிறைய தப்பா சொல்லும்" என்றார் சார் நிதானமாக. டீன் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். சார் எழுந்து தன் நாற்காலியை ஜெனிஃபருக்குக் கொடுத்தார்.

"ஏன் தப்பா சொல்லுதுன்னு கண்டுபிடிச்சது இவங்க. இவங்களே சொல்லட்டும்."

ஜெனிஃபர் சொன்னாள். மற்ற கரைகளில் எடுத்த நத்தைகளைக் கருவி பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. சாக்கடை கலக்கிற மூலையில் எடுத்தவற்றைத்தான் வடை என்கிறது. அங்கே ஓடு அரித்துப் பள்ளம் பள்ளமாகிவிடுகிறது. ஆகவே எங்கே கருவி தடுமாறுகிறதோ, அங்கே தண்ணீர் கெட்டிருக்கிறதா என்று உடனே போய்ப் பார்க்கலாம். இத்தனை வருஷம் அவள் கரையில் குனிந்து, கையால் பொறுக்கிப் பார்த்த அதே விஷயம். பிறகு கேள்விகள் எல்லாம் அவளைப் பார்த்தே வந்தன.

திட்டம் கிடைத்தது. உதவித்தொகையும் தொடர்ந்தது. போன மாதம் ஜெனிஃபர் தன் ஆய்வேட்டை பைண்ட் செய்து கொண்டுவந்து சாரிடம் நீட்டினாள். அட்டையில் அவள் சேர்ந்த அன்று பதிவு செய்த தலைப்பே இருந்தது, ஓர் எழுத்துகூட மாறாமல். சார் உள்ளே புரட்டவேயில்லை. அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தபோது, இந்த மனிதரிடம் படிக்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று எனக்கு நிஜமாகவே ஏக்கமாக இருந்தது.