ஒட்டகச்சிவிங்கிப் பக்கத்தில் ஒரு திமிங்கிலம்

யாழ்ப்பாணத்துப் பெற்றோரிடம் ஒரு விஷயத்தை முக்கியம் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் பிள்ளையை உடனே ரியூசனுக்கு அனுப்பிவிடுவார்கள். நானும் அப்படி அனுப்பப்பட்டு வளர்ந்தவள்தான். ஆனாலும் மறந்துபோனேன்.

என் பெரியம்மாவின் மகன் ரவி அண்ணையும் அவர் மனைவி சுமதி மச்சாளும் அப்போது ஒன்ராரியோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் உயர்ந்த மாடிக் கட்டடத்தில் இருந்தார்கள். மகன் கவினுக்கு எட்டு வயது. வாய் ஓயாத கெட்டிக்காரன். எழுத்துகள் மட்டும் அவனுக்குப் பிடிபடவே இல்லை. வகுப்பில் வாசிப்பு நேரம் வந்தால் வாஷ்ரூமுக்குள் போய் ஒளித்துக்கொள்வான்.

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு சிறிய வகுப்பு உண்டு. அதில் இடம் கேட்டால் பள்ளிக்கூடம் கல்விச் சபையான போர்டைக் கேளுங்கள் என்றது, போர்ட் பள்ளிக்கூடத்தைக் கேளுங்கள் என்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தொலைபேசிக் குரல், ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்’ என்று சொல்லிச் சொல்லியே என் மதிய இடைவேளைகளைத் தின்று தீர்த்தது. (முக்கியமெண்டால் எடுங்கோவன்!)

நான் எதற்கு இதில் தலையைக் கொடுத்தேன் என்றால், பள்ளிக்கூட விஷயங்களில் பெற்றோருக்குத் துணை நிற்பது எப்படி என்று ஒரு சனிக்கிழமை நடந்த அரை நாள் பயிற்சிப் பட்டறைக்குப் போயிருந்தேன். தேநீர் இடைவேளை போக மிஞ்சிய நேரத்தில் ஒன்ராரியோவின் கல்விச் சட்டம் முழுவதையும் கரைத்துக் குடித்துவிட்டதாக எனக்கு நினைப்பு. கலர் கலராக ஒட்டுத்தாள் ஒட்டிய தடித்த கோப்பு ஒன்றையும் சுமந்துகொண்டு திரிந்தேன்.

ஒருவழியாகக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள்.

“அண்ணை, இந்த மீற்றிங்தான் முக்கியம். இதிலைதான் எல்லாம் முடிவாகும். விட்டால் இனி அடுத்த வருசம்தான்” என்றேன்.

“ஓம் ஓம், நீ யோசியாதை. நாங்கள் பாத்துக்கொள்ளுறம்.”

அதைக் கேட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு பிக்கரிங்கிலிருந்து ரயில் பிடித்துப் போனேன். பள்ளிக்கூட வாசலில் கவின் கோட் போட்டு, கழுத்தில் போ ரை கட்டி, தலையைப் படிய வாரி நின்றான்.

“மச்சாள், பிள்ளை வரத் தேவையில்லை எண்டெல்லே சொன்னனான்?”

“நிக்கட்டும் மச்சாள். அவையும் ஒருக்கால் பாக்கட்டுமன்.”

கலியாணத்துக்குப் பெண் காட்டுகிற மாதிரி மகனைக் காட்ட வந்திருந்தார்கள்.

உள்ளே பிரின்சிப்பலும் வகுப்பு ரீச்சரும் போர்டிலிருந்து வந்த ஓர் அம்மையாரும் இருந்தார்கள். வீட்டில் பிள்ளைக்கு என்னென்ன சிரமங்கள் என்று அந்த அம்மையார் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

“ஒரு பிரச்சினையும் இல்லை. நல்ல பிள்ளை” என்றாள் மச்சாள்.

“கஷ்டத்தைச் சொல்லுங்கோ மச்சாள்!”

மச்சாள் நன்றாக யோசித்தாள். “கத்தரிக்காய் சாப்பிடமாட்டான்.”

நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணை பையிலிருந்து ஒரு மிருகங்கள் புத்தகத்தை எடுத்து மகனிடம் நீட்டினார். “வாசி அப்பு.”

கவின் எழுந்து, புத்தகத்தை விரித்து, நீலத் திமிங்கிலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தியைத் தடங்கலில்லாமல் வாசித்தான். என்ன உச்சரிப்பு! முற்றுப்புள்ளிக்கு மூச்சுகூட விட்டான். பக்கத்தில் மச்சாளின் உதடுகளும் கூடவே அசைந்தன. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கிழமைக்கணக்காக ரியூசன் நடந்திருக்கிறது!

எதிரே இருந்தவர்களுக்குப் புத்தகத்தின் அட்டைதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த எனக்கு உள்ளே தெரிந்தது. விரிந்திருந்த பக்கத்தில் ஓர் ஒட்டகச்சிவிங்கி நின்றது.

ரீச்சர் நம்பமுடியாமல் கவினைப் பார்க்க, அம்மையாரின் முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு அழகாக வாசிக்கிற பிள்ளைக்கு அந்த வகுப்பு தேவைப்படாதே, இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கலாமே என்றார்.

“நோ!” என்று கத்தியபடி நான் எழுந்ததில் கோப்பு கவிழ்ந்து, ஒட்டுத்தாள்கள் பிரின்சிப்பலின் கோப்பிக் கோப்பைக்குள் விழுந்தன. “இவனுக்கு வாசிக்கவே தெரியாது! ஒரு சொல்லும் தெரியாது!”

(உதவிக்கு வந்தவளின் வாதத்திறமை இது.)

அண்ணை கொதித்துப்போனார். “எடி, நீ உதவி செய்ய வந்தனியோ, என்ரை பிள்ளையை அவமானப்படுத்த வந்தனியோ?”

“அண்ணை, அது ஒட்டகச்சிவிங்கி!”

“ஆரடி ஒட்டகச்சிவிங்கி?”

நாங்கள் தமிழில் பொரிந்துகொண்டிருக்க, பிரின்சிப்பல் கோப்பியைத் தள்ளி வைத்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்யவா என்று பணிவோடு கேட்டார். நான்தான் அந்த மொழிபெயர்ப்பாளர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கவின் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்திலேயே சொன்னான்: “இது ஒட்டகச்சிவிங்கி என்று எனக்கும் தெரியும் மாமி. ஆனால் ரியூசன் மாஸ்ரர் திமிங்கிலம் மட்டும்தானே பழக்கினவர்?”

எனக்கு அழுகை வந்தது. வாசிக்கத் தெரியாததை மறைப்பதற்கு அந்தப் பிள்ளை எவ்வளவு பாடுபட்டிருக்கிறான்!

அண்ணை மகனின் கையிலிருந்த புத்தகத்தை மெல்ல வாங்கி மூடினார். பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ரீச்சரைப் பார்த்துச் சொன்னார்: “மிஸ், மை சன் கனொற் ரீட். பிளீஸ் ஹெல்ப் ஹிம்.”

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இடம் கிடைத்தது. என் கோப்பில் இருந்த ஒரு தாளும் அதற்கு உதவவில்லை.

இப்போது கவின் ஹைஸ்கூலில் படிக்கிறான். எங்கள் குடும்பத்துப் பிறந்தநாள் விழாக்களில் யாராவது தன் பிள்ளையின் புகழ் பாடத் தொடங்கினால், மற்றவர்கள் ஒரே குரலில் “உது திமிங்கிலமோ?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அண்ணைதான் முதலில் கேட்பார்.

நானும் திருந்தவில்லை. இன்றும் எந்தப் பெற்றோருக்காவது துணையாகப் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போனால், வாசலில் வைத்து என் போனுக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கிப் படம் வந்து விழும். கூடவே ஒரு வரி: “மாமி, சரியான பக்கம்தானா?” கவின்தான். அவனே எழுதி, நான் அனுப்பும் வசவை அவனே வாசிக்கிறான்.