பூக் கேட்டு வாங்கிய சிலிண்டர்

சந்துரு கிளட்ச் லீவரைப் பிடித்தான். அது கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது, திரும்பி வரவே இல்லை.

நடுரோடு. பின்னால் பாலக்காட்டு பஸ் ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. ஆசை ஆசையாய் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெரிய பைக்கை, வேர்க்க விறுவிறுக்க ஜிபியின் ஒர்க்‌ஷாப் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். கொல்லங்கோடு கடைவீதியே நின்று வேடிக்கை பார்த்தது.

ஜிபி லீவரை ரெண்டு முறை அமுக்கிப் பார்த்தான்.

"சேட்டா, மாஸ்டர் சிலிண்டர் போயி."

"அப்படின்னா?"

"இந்த வண்டிக்குக் கேபிள் இல்லல்லோ. லீவர் பக்கத்துல இருக்குற இந்தக் குழாய்க்குள்ள ஒரு பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் போயி கிளட்சை விடுவிக்கும். குழாய் தேஞ்சு போயி. புதுசு வேணம்."

"வாங்கிப் போடு."

"எந்த அளவு? பன்னெண்டு மில்லிமீட்டர் உண்டு, பதினாலு உண்டு, பதினாறு உண்டு. நம்பர் இதுமேலயே இருக்கும், நோக்கட்டே."

நம்பர் இல்லை. வண்டி வாங்கிய புதிதில், கரடுமுரடாக இருந்ததையெல்லாம் அரம் போட்டு வழவழவென்று தேய்த்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்த புண்ணியவான் சந்துருவேதான்.

"அளந்தா அறியலாம். என்ட வெர்னியரை ஒருத்தன் கொண்டுபோயி. அவன் துபாய்க்கும் போயி" என்றான் ஜிபி.

வீட்டில் அப்பா குப்பண்ணன் தயாராக இருந்தார். அந்த வண்டி வந்த நாளிலிருந்தே அவருக்கு அதன்மேல் ஒரு கண். பாசத்தால் அல்ல.

"ஞாயித்துக்கெழம பவர் டில்லர்காரன் வர்றான். அதுக்குள்ள இது ஓடுனா ஓடட்டும். இல்லீனா இதக் குடுத்துட்டு டில்லர எடுத்துப்போடுவேன். வயலுக்காச்சும் ஆகும்."

அப்பா சொன்னால் செய்கிற ஆள்.

"ஒரு பாகம் மாத்துனாப் போதுமுங்கப்பா. வாங்கிப் போட்டர்றேன்."

"வாங்கு. ஆனா பூக் கேட்டுட்டு வாங்கு."

அந்த வீட்டில் பூக் கேட்காமல் ஒரு ஆணிகூட வாங்க முடியாது. மாரியம்மன் கோயில் வாசலில் பூக்கடை வைத்திருக்கும் மயிலாத்தாள், ஒன்றில் சிவப்பு அரளியும் இன்னொன்றில் வெள்ளை அரளியுமாக இலையில் வைத்து ரெண்டு பொட்டலம் கட்டித் தருவாள். பூசாரி அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் செய்யாதே. போர் போட்டதும் அப்படித்தான். அதில் தண்ணீர் வரவில்லை என்பது வேறு கதை.

"சிலிண்டருக்குமா பூக் கேப்பாங்க?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. சந்துருவின் மனைவி செல்வப்பிரியா, ஹயர் செகண்டரியில் பிசிக்ஸ் டீச்சர். "பழசக் கழட்டிக் கொண்டாங்க. எங்க லேப்ல வெர்னியர் இருக்குது, அளந்து குடுத்தர்றேன்."

"சாமி விசயத்துல வெளையாடாத, செல்வி" என்றான் சந்துரு.

"ஏனுங்க, நானெல்லாம் ஒரு முடிவையும் பூவுக்கு உட்டதில்லீங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அது உண்மைதான் என்று சந்துருவுக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன் அவளுக்கு ஏழு ஜாதகம் வந்திருந்தது. அதில் ஒருவன் பெங்களூருவில் சொந்த ஃபிளாட் வைத்திருந்தான். அவள் முழுசாக மூன்று வாரம் யோசித்து, கடைசியில் பத்து ஏக்கர் வயலும் பாதி மண்டை முடியுமாக இருந்த சந்துருவைச் சொன்னாள். எல்லாவற்றையும் அளந்து பார்க்கிற ஒருத்தி தன்னை அளந்து எடுத்தாள் என்பதில் அவனுக்கு ரெண்டு வருசமாகத் தலைகால் புரியாத பெருமை. தினமும் காலையில் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரும்.

திங்கட்கிழமை கோயிலுக்குப் போனான். "தாயே, பன்னெண்டு வாங்கட்டுங்களா?"

வெள்ளை.

கோயமுத்தூரிலிருந்து பன்னிரண்டு வந்தது. ஜிபி மாட்டி, எண்ணெய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்றிக் கொடுத்தான். லீவர் வெண்ணெய் மாதிரி அமுங்கியது. சந்துரு சிரித்துக்கொண்டே முதல் கியரைப் போட்டான். கிளட்சை அழுத்திப் பிடித்திருக்கும்போதே வண்டி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து எதிர் டீக்கடைக்குள் நுழைந்தது. கண்ணாடிப் பெட்டியிலிருந்த பழம்பொரி அவ்வளவும் ரோட்டில் உருண்டது. சந்துரு வாய் பிளந்து பெஞ்சுக்கு அடியில் கிடந்தான்.

"பிஸ்டன் சிறுசாயிப் போயி, சேட்டா. தள்ளுற எண்ணெய் போதாது. கிளட்ச் முழுசா விடல" என்றான் ஜிபி.

"அம்மன் சொல்லுச்சேடா!"

வழியெல்லாம் யோசித்து சந்துருவே ஒரு சமாதானம் கண்டுபிடித்தான். 'வாங்கட்டுங்களா' என்றுதானே கேட்டான்? வாங்கு என்றாள். பொருந்துமா என்று அவன் கேட்கவே இல்லையே. தப்பு அம்மன்மேல் இல்லை.

புதன்கிழமை கேள்வியைத் திருத்திக் கேட்டான். "தாயே, பதினாறு பொருந்துமுங்களா?"

வெள்ளை.

பதினாறை மாட்டினால், லீவர் கல்லாக இருந்தது. நாலு விரலும் சேர்ந்து இழுத்தால்தான் அசைந்தது. ஜிபி தடுத்தும் கேட்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வரைக்கும் ஓட்டிவிட்டான். களத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் ஸ்டைலாக நிறுத்த நினைத்த நேரத்தில் விரல்கள் மரத்துப்போய் லீவர் நழுவியது. முன் சக்கரம் மேலே எழும்பியது. அப்பா பக்கவாட்டில் குதித்தார். வண்டியும் சந்துருவும் வைக்கோல் போருக்குள் போனார்கள்.

எழுபது வயதில் தான் அப்படிக் குதிப்போம் என்று குப்பண்ணனே எதிர்பார்த்திருக்க மாட்டார். வேட்டியில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டார்.

"டில்லர்காரனுக்கு இப்பவே போன் போடறேன்" என்றார் பிறகு.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடுத்திருக்கறீங்கப்பா!" என்று வைக்கோலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம், மணிக்கட்டில் கட்டுப் போட்ட கையோடு, பழைய சிலிண்டரை ஒரு பேப்பரில் சுற்றிச் செல்வப்பிரியாவிடம் கொடுத்தான். அவள் அதை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் வெர்னியரையே வீட்டுக்குக் கொண்டுவந்து, தேயாத பக்கமாகப் பார்த்து அளந்தாள். ஒரு தடவை. திருப்பி இன்னொரு தடவை. மறுபடியும் ஒரு தடவை.

"எதுக்கு இத்தன வாட்டி?"

"ஒரு ரீடிங்க எப்பவும் நம்பக்கூடாதுங்க. மூணு எடுக்கோணும். மூணும் ஒண்ணா வந்தாத்தான் முடிவு." நோட்டில் எழுதினாள். "பதினாலு."

அப்படியும் குப்பண்ணன் விடவில்லை. அந்தப் பதினாலுக்கும் பூக் கேட்க வைத்தார். வெள்ளை.

"பாத்தியா, அம்மன் சொல்லிருச்சு" என்றார் மருமகளிடம்.

"அம்மனுக்கு முந்தியே வெர்னியர் சொல்லிருச்சுங்க, மாமா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் டில்லர்காரர் வந்தபோது, பைக் களத்தை மூன்று சுற்றுச் சுற்றி, குப்பண்ணனின் கால் கட்டைவிரலுக்கு ஒரு முழம் தள்ளிச் சமர்த்தாக நின்றது. அவர் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "செரி, இருந்து தொலையட்டும்" என்றார். டில்லர்காரர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

சந்துருவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மனுக்கு ஒரு மாலை சாத்த வேண்டும் என்று மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக் கோயிலுக்குக் கிளம்பினான். பூக்கடை முன்னால் வண்டியை நிறுத்தியதும் அவள் முதுகில் தட்டினாள்.

"நேரா உள்ள போயிரலாமுங்க. பூ நான் ஊட்டுல இருந்தே கொண்டாந்திருக்கறேன்."

"இரு செல்வி. மயிலாத்தாக்காகிட்ட ஒரு கணக்குக் கேக்கோணும்."

"வேண்டாமுங்க. வெயிலு ஏறுது."

அவன் இறங்கிப் போய்விட்டான். மயிலாத்தாள் மாலை கட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, வண்டியில் இருந்த செல்வப்பிரியாவைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"ஏனக்கா, பன்னெண்டுக்கும் வெள்ள, பதினாறுக்கும் வெள்ள, பதினாலுக்கும் வெள்ள" என்றான் சந்துரு. "எங்க டீச்சர் என்னையக் கேலி பண்றாங்க. படிச்சவங்க, அளந்து பாத்துத்தான் எதையும் முடிவு பண்ணுவாங்க. எனக்கு மட்டும் சொல்லுங்க, நம்ம அம்மனுக்குச் செவப்பே புடிக்காதுங்களா?"

பின்னாலிருந்து யாரோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

"அம்மனுக்கெல்லாம் புடிக்கும் தம்பி, நம்ம செவப்பரளிச் செடிதான் பட்டுப்போச்சு" என்றாள் மயிலாத்தாள். "உங்களக் கட்டிக்கலாமா வேண்டாமான்னு டீச்சரம்மா மூணு வெள்ளிக்கெழம வந்து மூணு வாட்டி பூக் கேட்டாங்கல்லொ, அதுக்கு முந்தியிருந்தே ரெண்டு பொட்டணத்துலயும் வெள்ளதான் வெச்சுக் கட்டறேன்."