வாய்க்குள் பொம்மை

சார்ஜென்ட் ஒலெகாரியா மைதானத்துக்குள் நுழைந்தபோது பிலிபெர்த்தோவின் வாயில் இரண்டு குற்றங்கள் இருந்தன. ஒன்று, ஆரஞ்சுத் தோல் போட்டுச் சுட்ட ரோஸ்கா என்ற திருநாள் ரொட்டி. இன்னொன்று, அதற்குள் இருந்த பொம்மை.

ரொட்டியை விழுங்கிவிட்டான். பொம்மையை என்ன செய்வது? சுண்டுவிரல் நுனியளவு பிளாஸ்டிக்தான் என்றாலும் அது குழந்தை யேசு. விழுங்கினால் பாவம். துப்பினால் வேலை போச்சு.

போலீஸ் வேலைக்குப் போகிறவர்களைத் தயார்செய்யும் மைதானம் அது. பிப்ரவரி இரண்டாம் தேதி ஓட்டத் தேர்வு. அதுவரை ரொட்டியைத் தொட்டவன் நேராக வீட்டுக்குப் போகலாம் என்று சார்ஜென்ட் முதல் நாளே சொல்லியிருந்தார். தினமும் சொன்னது இன்னொன்று: "ஓடும்போது என்ன பேச்சு? வாய மூடிட்டு ஓடுங்க." அதை ஒருவன் காதில் வாங்கினால்தானே.

ஆனால் ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாளும் அதுவுமாக, எதிர்த்தெரு பேக்கரிக்காரர் கிரெசென்சியோ வேலிக்கு மேலே ரொட்டியை நீட்டி, "துண்டு போட்டே கொண்டாந்திருக்கேன் தம்பிகளா, ஆளுக்கொண்ணு எடுத்துக்குங்க" என்றால் யாருக்குத்தான் கை நீளாது?

ரொட்டிக்கு ஒரு பொம்மை ஒளித்து வைத்துச் சுடுவது வழக்கம். அது யாருக்குக் கிடைக்கிறதோ அவன் பிப்ரவரி இரண்டில் எல்லாருக்கும் தமாலே என்ற சோள மாவுக் கொழுக்கட்டை அவித்துப் போட வேண்டும். தொலூக்கா ஊரில் இதிலிருந்து தப்பித்தவன் கிடையாது.

பிலிபெர்த்தோவுக்கு இது கடைசி வாய்ப்பு. போன வருஷமும் முந்தின வருஷமும் பாதி ஓட்டத்தில் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மார்ச்சோடு வயது வரம்பு தாண்டிவிடும். பிறகு மாமனார் கடையில் கோழிக்கு இறகு பிடுங்க வேண்டியதுதான். அந்த மனுஷர் இவன் அளவுக்கு ஏப்ரன்கூட வாங்கி வைத்துவிட்டார்.

"ஆரஞ்சுத் தோல் வாசனை வருதே," என்றார் சார்ஜென்ட்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"பிலிபெர்த்தோ, கன்னம் ஏன் வீங்கியிருக்கு?"

கன்னத்தைத் தொட்டு முகத்தைச் சுளித்துக் காட்டினான்.

"பல் வலியா? காலுக்கு ஒண்ணும் இல்லையே. நீ முன்னால ஓடு."

பொம்மையை நாக்குக்கு அடியில் தள்ளிக்கொண்டு ஓடினான். நாலு சுற்று முடிந்ததும் சார்ஜென்ட் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினான்.

"தாகமே எடுக்கலையா? அப்ப இன்னும் ரெண்டு சுத்து ஓடலாம். எல்லாருந்தான்."

செத்தோம் என்று திரும்பிப் பார்த்தான். பின்னால் நபோர் வந்துகொண்டிருந்தான். ஓடும்போதெல்லாம் மாமியார் கதையை விடாமல் சொல்லுகிற ஆள். இன்றைக்கு ஒரு வசவுகூட இல்லை, முறைத்ததோடு சரி. கோபம் தலைக்கேறிவிட்டது போல என்று பிலிபெர்த்தோ நினைத்துக்கொண்டான்.

ஆறு சுற்றும் முடிந்த பிறகுதான் உறைத்தது. விலா பிடிக்கவில்லை. உட்காரவும் இல்லை.

இது சாமி காரியம் என்று முடிவு கட்டினான். அன்று முதல் தினமும் பொம்மையை வாயில் அடக்கிக்கொண்டே ஓடினான். மூச்சு விடவில்லை, யாரிடமும்.

தேர்வுக்கு முந்தின நாள் மனைவி மக்லோவியாவிடம் மட்டும் சொன்னான். "பொம்மை எங்கிட்ட இருக்கிறது யாருக்கும் தெரியாது. பேசாம விட்டுடலாம்."

"போலீசாகப் போறவரு பொம்மைய ஒளிச்சு வைப்பாராம். நல்லாருக்குங்க நியாயம்," என்றவள் சோள மாவைப் பிசைய உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் ஓடினான். கோட்டைத் தாண்டியதும் சார்ஜென்ட் கடிகாரத்தைப் பார்த்தார். "பாஸ். போய் முகத்தக் கழுவு."

பிலிபெர்த்தோ அங்கேயே நின்று குழந்தை மாதிரி அழுதான். அத்தனை சந்தோஷம். அழுது முடித்துவிட்டு, வருவது வரட்டும் என்று தமாலே பானையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

அங்கே நபோர் ஒரு பானையோடு நின்றான்.

"நீ எதுக்குடா பானை தூக்கிட்டு வந்தே?"

"பொம்மை எனக்குத்தான்டா வந்துச்சு. வாய்க்குள்ளயே வச்சிருந்தேன். நீ எதுக்குடா?"

பதில் சொல்வதற்குள் இன்னொருவன் பானையோடு வந்தான். பின்னால் இன்னும் இரண்டு பேர். பாஸானவன், அடுத்த தடவை பார்க்கலாம் என்றவன், எல்லார் கையிலும் பானை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சார்ஜென்ட் ஒலெகாரியா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் பானையின் மூடியைத் திறந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கிரெசென்சியோ தன் பங்குக்குத் தட்டை நீட்டிக்கொண்டே சார்ஜென்ட்டைக் காட்டினார்.

"துண்டுக்கு ஒரு பொம்மை வைக்கச் சொல்லி வருஷா வருஷம் எங்கிட்ட ரொட்டி வாங்குறதே இந்தம்மாதான், வேற எப்படி உங்கள வாய மூடிட்டு ஓட வைக்கிறதாம்?"