மனச்சுமை இறக்கும் தொட்டி

கானா நாட்டு அக்ராவின் அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் காலையிலேயே நீண்ட வரிசை. தீர்க்கதரிசி ஒபிரி இந்த வாரமும் வந்திருக்கிறார். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் காலை வைத்தால் போதும், மன உளைச்சல் பாதம் வழியே இறங்கிவிடுமாம். தொட்டிக்குள் ஓர் இரும்புத் தகடு. அதற்குக் கரண்ட் கொடுக்க ஒரு பெட்டி. சற்று நேரத்தில் தண்ணீர் பழுப்பாகும். இறங்கிய உளைச்சலாம். படித்த கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது.

செனாம் அங்கே புகார் போன்களை எடுப்பவள். நாளெல்லாம் ஊரார் திட்டைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் போன் மணி அடித்தாலே அழுகை வந்தது. மேலாளர் ஒஃபோரியிடம் விடுப்பு கேட்டாள். வேலையைப் பகிர இன்னொரு ஆளும் கேட்டாள்.

"விடுப்பு எதுக்கும்மா? போன வாரம்தான தொட்டியில கால் வச்ச?"

"வச்சேன் சார். கால் சுத்தமாச்சு. தூக்கம்தான் வரல."

"நம்பிக்கை பத்தல. இன்னொரு தடவ வை."

சரியென்று போய் உட்கார்ந்தாள். மடியிலிருந்து தொட்டிவரை வெள்ளைத் துண்டு போர்த்தினார்கள். தீர்க்கதரிசி கண்மூடி ஜெபம் தொடங்கியதும், செனாம் காலை மெல்ல வெளியே இழுத்து, சமையலுக்கு வாங்கியிருந்த வாழைக்காய் இரண்டை உள்ளே நழுவவிட்டாள். வரிசையில் அடுத்து நின்ற சக ஊழியன் டெலா பார்த்துவிட்டான்; சிரிப்பை இருமலாக மாற்றினான்.

தண்ணீர் பழுப்பானது. தீர்க்கதரிசி கண்திறந்து, துண்டின் ஓரத்தைத் தூக்கித் தண்ணீரை எட்டிப் பார்த்தார்.

"மகளே, எவ்வளவு துக்கம். சின்ன வயசுலயே பெத்தவங்கள விட்டுப் பிரிச்சுட்டாங்க."

"நெசம்தான் ஐயா. தாரோட வெட்டிட்டாங்க," என்று செனாம் துண்டை விலக்கினாள்.

மிதந்த வாழைக்காய்களைப் பார்த்து அறையே குலுங்கியது.

"வாழைக்காய்க்கும் ஆத்மா இருக்கு," என்றார் தீர்க்கதரிசி, பின்வாங்காமல்.

"அப்ப ஒண்ணுமே போடாம ஓட்டிப் பாக்கலாமா?" என்றாள் செனாம்.

டெலா தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீரும் உப்பும் விட்டு, சுவிட்சைத் தட்டினான். காலும் இல்லை, காயும் இல்லை. தண்ணீர் முன்போலவே பழுப்பானது.

"துரு சார்," என்றாள் செனாம், சத்தம் கேட்டு வந்து நின்ற ஒஃபோரியிடம். "உப்புத் தண்ணி, இரும்பு, கரண்ட். எங்க மனசுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

தீர்க்கதரிசி வயரைச் சுருட்டிக்கொண்டு, அடுத்த அலுவலகத்தில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி நடையைக் கட்டினார். ஒஃபோரி தொண்டையைச் செருமினார்.

"நாளைலேர்ந்து லீவு எடுத்துக்கம்மா. ஆள் போடறதப் பத்தி யோசிக்கிறேன்."

"யோசிக்கிறீங்களா சார்?"

"போடறேன்மா, போடறேன்."

ஆள் போட வேண்டிய இடத்தில் தொட்டி போடும் முதலாளிகளும், அதில் வரிசையாகக் கால் நனைக்கும் அறிவாளிகளும் எல்லா ஊரிலும் உண்டு. காலை நனைக்குமுன் மூளையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், ஐயா. அதற்குக் கரண்ட்கூட வேண்டாம்.